ஸ்டார்வ் சீட்டோட பின்பக்கம்

முப்பத்தோரு வயசுல ரிட்டயர்டு ஆனவன் தாராவியில நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். பென்ஷன் கெடையாது, சால்வை கெடையாது, மாலையும் கெடையாது. மாட்டுங்காவுல எங்க அகராதி ஆபீஸ் இருந்த பில்டிங்க இடிச்சாங்க, நானும் கூடவே ரிட்டயர்டு. இப்ப பைக்ல பார்சல் கொண்டு போய்க் குடுக்குதேன். அதுல எனக்கு ஒரு பயமும் கெடையாது. போன செவ்வாக்கெழம வரைக்கும் கெடையாது.

செவ்வாக்கெழம சயான் சிக்னல்ல நிக்கேன், போன் அடிக்குது. பிரியா. எங்க பழைய ஆபீஸோட வேலைய இப்ப கம்ப்யூட்டர்ல ஏத்துதாங்கல்லா, அதுல புதுசா சேந்த பொண்ணு. என்னைய ஒரு தடவைதான் பாத்திருக்கு, ஆனா வாய் நிறைய அண்ணான்னு கூப்பிடும்.

"அண்ணா, டிக்ஷனரி அடுத்த வாரம் ஆன்லைன்ல வருது. ஒரு மலர் போடுறோம். நீங்க அந்தக் காலத்துல எப்பிடி வேல பாத்தீங்கன்னு எழுதிக் குடுங்க."

"அந்தக் காலமா? ஏம்மா, நான் உன்னைவிட ஏழு வயசுதான் மூத்தவன்."

"சீட்டுல கையால எழுதுனதெல்லாம் அந்தக் காலம்தானண்ணா. அப்புறம் ஒரு போட்டோ அனுப்பிருக்கேன், தேக்கோ, பாருங்க. மலரோட மொதப் பக்கமே அதுதான்."

சிக்னல் விழுந்திருச்சு. பின்னால ரிக்‌ஷாக்காரன் ஹார்ன வச்சு அழுத்துதான். நான் ஓரமா ஒதுங்கி போட்டோவத் திறந்தேன். வயலட் மையில எழுதுன ஒரு சீட்டு. இடது மூலையில ஸ்டார்வ். வலது மூலையில ஒரு பழைய வருசம். அடியில சின்னதா 'சே'. அதுக்குக் கீழ பிரியா டைப் பண்ணிருந்துச்சு: 'மறைந்த சேஷன் சாரின் கடைசிக் கண்டுபிடிப்பு'.

 அந்தச் சீட்டு சேஷன் சார் எழுதினது இல்ல. நான் எழுதினது.

எழுதச் சொன்னீங்கல்லா, எழுதுதேன். ஆனா மலருக்குச் சிரிப்பா ஒரு கட்டுரை வேணும்னு எதிர்பாத்தீங்கன்னா, கொஞ்சம்தான் சிரிக்கலாம்.

நான் வேலைக்குச் சேந்ததே செருப்பு டப்பாவால. எங்கப்பா தாராவி தொண்ணூறடி ரோட்டுல லெதர் கடையில தையல். அங்க மிஞ்சுத காலி டப்பாவ மாட்டுங்காவுல ஒரு ஆபீஸ்ல வாங்கிக்கிடுதாங்கன்னு என்னைய அனுப்புனாரு. மூணாவது மாடி. உள்ள போனா செவுரு முழுக்க செருப்பு டப்பா. செருப்பக் காணோம். எல்லாத்துலயும் பேப்பர் சீட்டு. நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, "ஒத்தக் காலு செருப்பு கூட இல்லியே மேடம்"ன்னேன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தவங்கதான் வைதேகி மேடம். நாப்பது நாப்பத்தஞ்சு வயசிருக்கும். அகராதிக்கு அவங்கதான் எல்லாம். சிரிக்கல, கோவப்படவும் இல்ல.

"வாசிக்கத் தெரியுமா?"

"டென்த்து மேடம்."

"பாஸா?"

"வாசிக்கத் தெரியுமான்னுதான மேடம் கேட்டீங்க."

ஒரு சீட்டை எடுத்து நீட்டுனாங்க. "இதுல வருஷம் எங்க இருக்கு?" காட்டுனேன். "போறும். நாளைலேந்து வாங்கோ."

அது இங்கிலீஷ் தமிழ் அகராதி. ஆனா சும்மா அர்த்தம் சொல்லுதது இல்ல. ஒரு இங்கிலீஷ் வினைச்சொல் ஆயிரம் வருசத்துல என்னென்ன அர்த்தமா மாறி வந்துச்சுன்னு வரிசையா தமிழ்ல சொல்லுதது. இதுக்குன்னு வாசகர்கள் இருந்தாங்க. செம்பூர், முலுண்ட், கோவண்டின்னு அங்கங்க வீட்டுல உக்காந்து பழைய இங்கிலீஷ் புஸ்தகத்தப் படிச்சு, ஒரு வார்த்தைக்கு ஒரு வாக்கியம், ஒரு வாக்கியத்துக்கு ஒரு சீட்டு எழுதி அனுப்புவாங்க. இடது மூலையில வார்த்த, வலது மூலையில வருசம், நடுவுல வாக்கியம், அடியில புஸ்தகம், பக்கம், அனுப்புனவரு பேருல ஒரு எழுத்து. அந்த ஒத்த எழுத்தத் தவிர முன்பக்கம் பூரா இங்கிலீஷ். பின்பக்கம் ஆபீஸுக்கு, அது தமிழ்ல.

மொத ஆறு மாசம் எனக்கு வருச வரிசை மட்டும். பெரிய மேஜைல ஒரு வார்த்தையோட சீட்டு எல்லாத்தையும் பழசுல இருந்து புதுசு வரைக்கும் பரப்பணும். பரப்பும்போது ஃபேன் போடக்கூடாது. மே மாசத்துலயும் கூடாது. ஒவ்வொரு வரிசைக்கும் மேல பறக்காம இருக்க பித்தளை பெல்ட் பக்கிள், எங்கப்பா கடையில இருந்து நான் கொண்டு வந்தது. எல்லாரும் வேர்வையில நனஞ்சு, சீட்டு மேல சொட்டிரக் கூடாதுன்னு நெத்தியில கர்ச்சீப்பக் கட்டிக்கிட்டு நிப்போம். பாக்க ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கும்.

ஒரு அர்த்தத்துக்கு எது ரொம்பப் பழைய சீட்டோ அதுக்கு மூலையில செவப்புப் பென்சில். அதுதான் மொதச் சீட்டு. மொதச் சீட்டை யாரையும் நம்பி அச்சுக்கு அனுப்ப மாட்டாங்க. ஒரு ஆளு ஃபோர்ட் பக்கம் லைப்ரரிக்குப் போயி, அந்தப் புஸ்தகத்த எடுத்து, அந்தப் பக்கத்தத் திறந்து, எழுத்து எழுத்தா ஒத்துப் பாத்து, சீட்டோட பின்பக்கம் ஒரே ஒரு வார்த்த எழுதணும். 'பாத்தேன்'. கீழ பேருல ஒரு எழுத்து. ஒரு வருசம் கழிச்சு அந்த ஆளு நாந்தான்.

மொத நாள் நான் பந்தாவா 'சரி'ன்னு எழுதிட்டு வந்தேன். மேடம் அத அழிச்சாங்க. "சரியா தப்பான்னு நான் சொல்லிக்கறேன் சுடலை. நீங்க பாத்தேளா? அத மட்டும் எழுதுங்கோ."

அவங்க யாரையும் சத்தம் போட்டு நான் பாத்ததில்ல. டீ கொண்டு வாரவரையும் நீங்கதான். தப்பு செஞ்சா பென்சில மேஜைல படுக்கப் போட்டுட்டு நம்ம மூஞ்சியப் பாப்பாங்க. அவ்வளவுதான். எங்கம்மை தொடப்பக்கட்டையோட தொரத்தும்போது கூட நான் இப்பிடிப் பயந்ததில்ல.

எனக்கு அங்க விளையாட ஒரே ஒரு ஆளு, ஜெபராஜ் சாரு. துணை ஆசிரியரு. கோவண்டியில வீடு, பூர்வீகம் நாசரேத். எங்க பூர்வீகமும் அந்தப் பக்கம்தான், அதனால ஊருக்காரருன்னு என்னைய கிண்டல் பண்ண அவருக்கு லைசென்ஸ் உண்டு.

"எலே டென்த்து ஃபெயிலு, சீட்டக் கூட மூந்து பாத்தே சொல்லிருவேன், இது உண்மையா பொய்யான்னு. இருவது வருச மூக்குடே இது."

"சார், உங்க மூக்குக்கு முன்னாடி டீ வந்து பத்து நிமிசம் ஆச்சு."

இந்த மூக்குதான் எல்லாத்துக்கும் ஆரம்பம்.

எஸ்ஸுல ஆரம்பிக்குத வார்த்தைக எல்லாம் அச்சுக்குப் போவ மூணு வாரம் இருந்த சமயம். மேஜைல ஸ்டார்வ். எனக்குப் பிடிச்ச வார்த்த, ஏன்னா அதோட கத எனக்கே புரிஞ்சது. ஆயிரம் வருசத்துக்கு முன்னாடி அதுக்கு சாவுததுன்னு மட்டும்தான் அர்த்தம். எப்பிடிச் செத்தாலும் ஸ்டார்வ்தான். கத்திக் குத்தா இருக்கட்டும், காச்சலா இருக்கட்டும். ஜெர்மன்காரங்க அதோட பங்காளி வார்த்தைய இன்னிக்கும் சாவுக்குத்தான் வச்சிருக்காங்களாம். இங்கிலீஷ்ல அது மெள்ள மெள்ள சுருங்குச்சு. பசியாலயும் குளிராலயும் நொந்து சாவுததுக்கு மட்டும்னு ஆச்சு. இங்கிலாந்து வடக்குப் பக்கம் ரொம்ப நாளு குளிர்ல வெறைக்குததுக்கே அதச் சொன்னாங்களாம். அப்புறம் பசி மட்டும் நின்னுச்சு. அப்புறம் சாவே வேண்டாம், சும்மா பட்டினி கெடந்தாலே போதும்னு ஆச்சு. இப்ப வடாபாவ் வண்டி முன்னாடி ரெண்டு நிமிசம் நிக்குத காலேஜ் பையன் அதச் சொல்லுதான். செத்தவனுக்குன்னு இருந்த வார்த்த, இப்ப சட்னி கேக்குதவன் வாயில.

சிக்கல் ஒரே எடத்துல. பழைய சீட்டுல எல்லாம் 'பசியால'ன்னு பக்கத்துல ஒரு வார்த்த தொணைக்கு நிக்கும். அந்தத் தொண இல்லாம, சாவும் இல்லாம, தனியா பசியத்தான் சொல்லுதுன்னு ஆணி அடிச்ச மாதிரி காட்டுத மொதச் சீட்டு எது? மேடம் மூணு நாளு அந்த வரிசையவே பாத்துக்கிட்டு நின்னாங்க. பக்கிள எடுப்பாங்க, வைப்பாங்க. "இதுல எல்லாம் ஆள் கடைசில செத்துடறான் சுடலை. செத்துட்டா எந்த அர்த்தம்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒருத்தனாவது பிழைக்கணும்."

சரி, ஒருத்தனப் பொழைக்க வச்சாப் போச்சுன்னு நெனச்சேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். வயலட் மைப் பேனா ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். செம்பூர்ல சேஷன் சாருன்னு ஒரு வாசகரு, ரிட்டயர்டு கஸ்டம்ஸ் கிளார்க்கு. அவருதான் வயலட் மையில எழுதுவாரு. இருவது வருசமா சீட்டு அனுப்புதாரு, ஒண்ணு கூடத் தப்பு வந்ததில்லன்னு மேடம் சொல்லுவாங்க. அவரு கையெழுத்து எனக்கு மனப்பாடம். ரெண்டு உண்மையான சீட்டுல இருந்து துண்டு துண்டா எடுத்து ஒட்டுப்போட்டேன். ஒண்ணுல இருந்து கப்பல்காரங்க, ஒண்ணுல இருந்து ஒம்பது நாளு. ஒம்பது நாளு ஸ்டார்வ் ஆனோம், ஆனா எங்கள்ல ஒருத்தனும் சாகலன்னு வந்துச்சு. வார்த்தைக்கு வார்த்த கடைசில இங்கிலீஷ் 'இ' எழுத்தச் சேத்தா எல்லாம் பழைய காலத்து இங்கிலீஷாயிரும்னு எனக்குத் தெரியும். புஸ்தகத்துக்கு ஒரு மாலுமியோட கடிதத் தொகுப்பப் போட்டேன். லைப்ரரி ரெஜிஸ்தர்ல அது தொலஞ்சு போச்சுன்னு எழுதி வச்சிருக்கத நானே பாத்திருக்கேன். அடியில ஒரு 'சே'. ஜெபராஜ் சாரு மேஜைக்குப் போற கட்டுல சொருவுனேன். சாயங்காலம் அவரு துள்ளிக் குதிக்கும்போது, "மூக்கு எப்பிடி சார் இருக்கு?"ன்னு கேக்கணும். அம்புட்டுதான் திட்டம்.

ஜெபராஜ் சாரு அன்னிக்கு மத்தியானம் லீவு போட்டுட்டுப் போயிட்டாரு. மச்சினன் பிள்ளைக்கு பாண்டுப்ல ஞானஸ்நானம். அந்தக் கட்ட மேடம் பிரிச்சாங்க.

நான் கழிவறைக்குப் போயிட்டு வாரேன், மேடம் எழுந்து நிக்காங்க. கையில அந்தச் சீட்டு. பன்னண்டு வருசத்துல அன்னிக்கு ஒரு நாளுதான் அவங்க சிரிச்சு நான் பாத்தேன்.

"சுடலை, ஒருத்தன் பிழைச்சுட்டான்."

அப்பவே சொல்லிருக்கணும். வாயத் திறந்தேன். மேஜைல போன் அடிச்சுது. மேடம் எடுத்தாங்க. கேட்டாங்க. வச்சாங்க. நாற்காலில மெள்ள உக்காந்தாங்க.

"சேஷன் சார் போயிட்டார். காலம்பற."

என் வாய் தொறந்தபடியே இருந்துச்சு. மூடுனேன். அதுக்கப்புறம் ஒம்பது நாளு நான் சரியாச் சாப்பிடல. சீட்டுல நான் எழுதுன அதே ஒம்பது நாளு. செத்த மனுசன் பேர அவரு சாவுத அன்னிக்கே கள்ளத்தனமா போட்டிருக்கேன். எங்கம்மைக்குத் தெரிஞ்சா சொடலமாடன் கோயிலுக்கு என்னையவே நேந்து விட்டிருக்கும்.

மறுநாள் ஜெபராஜ் சாரு வந்தாரு. சீட்டப் பாத்தாரு. மூந்து பாக்கல, கண்ணுல ஒத்திக்கிட்டாரு. "பெரிய மனுசன்டே. போகும்போது குடுத்துட்டுப் போயிருக்காரு." நான் தலையாட்டுனேன். முன்னுரையில அவரோட கடைசிக் கண்டுபிடிப்புக்கு நன்றின்னு தனியா நாலு வரி மேடம் எழுதுனாங்க. அத ப்ரூஃப்க்குக் கொண்டு போனதும் நாந்தான். 

ஒரே ஒரு தைரியம், சீட்டோட பின்பக்கம் காலி. பாத்தேன்னு இல்லாம மேடம் விட மாட்டாங்க. லைப்ரரில புஸ்தகம் இல்ல. அப்ப அந்தச் சீட்டத் தள்ளிருவாங்க, யாருக்கும் எதுவும் தெரியாமப் போயிரும்னு கணக்குப் போட்டேன்.

பத்தாம் நாளு மேடம் குடைய எடுத்தாங்க. "செம்பூர் போலாம் வாங்கோ. கையில இல்லாத புஸ்தகத்துலேந்து அவர் சீட்டு எழுத மாட்டார். அவர் ஆத்து அலமாரில இருக்கும்."

மாட்டுங்காவுல இருந்து குர்லா, குர்லாவுல எறங்கி ஹார்பர் லைன் ரயிலு. மத்தியான வண்டி காலியா கெடந்துச்சு. மேடம் ஜன்னலோரம், மடியில அந்தச் சீட்டு ஒரு கவர்ல. திலக்நகர் வரும்போது குதிச்சு ஓடிரலாமான்னு பாத்தேன். ஓடி எங்க போவ, அடுத்த ஸ்டேஷனும் செம்பூர்தான்.

வீட்டுல சேஷன் சாரோட சம்சாரம் மட்டும் இருந்தாங்க. மாமின்னு கூப்பிட்டேன். தண்ணி குடுத்தாங்க. மூணு அலமாரி புஸ்தகம். மேடம் மேல இருந்து, நான் கீழ இருந்து. எனக்குத் தெரியும் அது அங்க இருக்காதுன்னு. இருந்தாலும் ஒவ்வொரு முதுகா விரல வச்சுத் தேடுதேன். நடிக்குதேன். விரல் நனஞ்சு புஸ்தகத்துல அச்சு விழுது.

அரமணி நேரம் கழிச்சு மேடம் திரும்புனாங்க. "மாமி, கடைசியா அவர் எழுதின சீட்டு ஒண்ணு. புஸ்தகம் இங்க இல்லை. வேற யாராத்துலேந்தாவது வாங்கிண்டு வந்தாரா?"

மாமி சேல முந்தானைய விரல்ல சுத்துதாங்க. அப்புறம், "ஒங்ககிட்ட சொல்லலை வைதேகி. ஒரு வருஷமா அவருக்கு ஞாபகம் தப்பிண்டே வந்தது. பால்காரன் பேரு மறந்துடும். ஒரு நாள் என்னையே யாருன்னு கேட்டார்."

மேடம் கையில இருந்த புஸ்தகத்த அலமாரியில திருப்பி வச்சாங்க.

"ஆனா சீட்டுல தப்பு வராதுன்னார். மறக்கறதுனாலதான் ரெண்டு தடவ ஒத்துப் பாக்கறேன், பாத்து எழுதறதுக்கு ஞாபகம் எதுக்குன்னார்." மாமி மேடத்தப் பாத்தாங்க. "தப்பா எழுதிட்டாரா?"

மேடம் பையில இருந்து பென்சில எடுத்தாங்க. கையில வச்சுக்கிட்டு எழுதாம நின்னாங்க. "இல்லாத புஸ்தகத்துலேந்து ஒரு சீட்டு வந்திருக்குன்னா... அந்த வருஷம் அவர் எழுதினது நாலு டப்பா மாமி. நாலையும் எடுத்துத் தனியா வெச்சுடணும்."

"அவர் பேரு?"

"போட முடியாது."

மாமி கட்டில்ல உக்காந்தாங்க. அழல. "கடைசி வருஷம் அவர் வேற ஒண்ணுமே பண்ணலையே," அப்பிடின்னாங்க. அம்புட்டுதான்.

பக்கத்து வீட்டுல குக்கர் விசில் அடிச்சுது. ஒண்ணு. ரெண்டு. மூணாவது விசில்ல நான் சொன்னேன்.

"மாமி, அது சாரு எழுதல. நான் எழுதுனேன்."

மேடம் என்னையப் பாத்தாங்க. பென்சிலப் படுக்கப் போட அங்க மேஜை இல்ல. கையிலயே வச்சிருந்தாங்க. நான் ஜெபராஜ் சாரு மூக்குல இருந்து லைப்ரரி ரெஜிஸ்தர் வரைக்கும் ஒண்ணு விடாம கொட்டுனேன்.  

மாமி கையை நீட்டுனாங்க. சீட்டை வாங்கிக் கண்ணுகிட்ட வச்சுப் பாத்தாங்க.

"மை எங்க வாங்கினே?"

"மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு எதுத்தாப்ல, மாமி."

"அவரும் அங்கதான் வாங்குவர்." சீட்டைத் திருப்பிக் குடுத்தாங்க. என்கிட்ட இல்ல, மேடம்கிட்ட. "இது இவனோட தப்புன்னா, அவரோட நாலு டப்பாவும் இருக்கும்தானே?"

"இருக்கும் மாமி. ஆனா இனிமே ஒவ்வொண்ணையும் பாத்தாகணும்."

"யார் பாக்கறது?"

ரெண்டு பேரும் என்னையப் பாத்தாங்க.

திரும்பி வந்தோம். குர்லா பாலத்துல ஏறி எறங்கி, மாட்டுங்காவுல எறங்குத நேரத்துல மேடம், "நாளைக்கு வாங்கோ"ன்னாங்க. அந்த ரெண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு ராத்திரி பூரா மண்டையப் போட்டு உருட்டுனேன். வேலைக்கு வரச் சொன்னாங்களா, கணக்கு முடிக்கவா, போலீஸா.

மறுநாள் மேஜைல அந்தச் சீட்டு குப்புறக் கெடந்துச்சு. பக்கத்துல பேனா.

"எழுதுங்கோ."

"ராஜினாமாவா மேடம்?"

"நடந்தத."

"கிழிச்சே போட்டுரலாமே மேடம்."

"இந்த ஆபீஸ்ல சீட்டைக் கிழிக்கறதில்லை."

எழுதுனேன். எம்புட்டு எழுதுனேன், என்னென்ன எழுதுனேன்னு அப்புறம் எனக்கே ஞாபகம் இல்ல. மேடம் வாங்கி, படிக்காம, ஒரு தனி டப்பாவுல போட்டாங்க. பொய்ச் சீட்டுக்குன்னே ஒரு டப்பா. ஜெபராஜ் சாரு அதுக்கு மேல 'மூக்கு லீவு'ன்னு எழுதி ஒட்டுனாரு. ஒரு மாசம் என்கூடப் பேசாம இருந்தவரு, பேசுன மொதப் பேச்சே அந்த லேபிள்தான்.

ஸ்டார்வ்ல அந்த எடத்துல மேடம், சரியாக எப்போது என்று தெரியவில்லைன்னு போட்டு அச்சுக்கு அனுப்புனாங்க. முன்னுரையில நாலு வரியும் இருந்துச்சு. கண்டுபிடிப்புங்குத வார்த்த மட்டும் இல்ல.

எனக்கு எட்டு மாசம் நாலு டப்பா. சேஷன் சாரு வீட்டு அலமாரியும் லைப்ரரியும். ஒவ்வொரு பக்கத்தையும் திறக்கும்போது நெஞ்சு அடிக்கும். ஒண்ணு தப்பா இருந்தாலும் நான் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிரும்ல, அந்த மனுசன. எழுத்து எழுத்தாப் பாப்பேன். சரியா இருக்கும். மூச்சு விடுவேன். பாத்தேன்னு எழுதுவேன். அடுத்தது. பகலெல்லாம் இதேதான். நான் கிண்டலடிக்காம இருந்த எட்டு மாசம் அது, என் சேக்காளிமாரு எனக்கு மஞ்சக்காமாலைன்னு நெனச்சானுங்க.

கடைசில ஒரே ஒரு சீட்டுல பக்க நம்பர் ஒண்ணு தள்ளிப் போயிருந்துச்சு. பயந்துக்கிட்டே மாமிகிட்ட சொன்னேன். "ஆனா மாமி, அது பழைய சீட்டு. நல்லா ஞாபகம் இருந்தப்ப எழுதுனது, தவறி இந்த டப்பாவுல கெடந்திருக்கு."

"அப்போ அவர் அப்படித்தான்"ன்னாங்க மாமி. "நம்பர் பாக்காம பஸ்ல ஏறுவர்." அன்னிக்குத்தான் எனக்குக் காப்பி குடுத்தாங்க.

அதுக்கப்புறம் நான் 'மூக்கு லீவு' டப்பாவத் தொட்டதே இல்ல. பெருக்கும்போது கூட அதச் சுத்திப் பெருக்குவேன். பில்டிங்க இடிச்சாங்க. மேடம் அக்கா வீட்டுக்குக் கோயம்புத்தூர் போயிட்டாங்க. டப்பாவெல்லாம் உல்லாஸ்நகர்ல ஒரு கோடவுனுக்குப் போச்சு. முடிஞ்சுதுன்னு இருந்தேன்.

இப்ப சயான் சிக்னலுக்கு வாரேன். பிரியாவுக்குப் போன் போட்டேன்.

"அந்தச் சீட்டோட பின்பக்கம் ஸ்கேன் பண்ணியா?"

"பின்பக்கமா? எதுக்குமே பண்ணலண்ணா. பின்னாடி தமிழ்லதான இருக்கு. இங்கிலீஷ் சைடு மட்டும்னு சொல்லிட்டாங்க."

"எல்லா டப்பாவுமா ஏத்துனீங்க? ஒரு டப்பா மேல லேபிள் இருந்திருக்கும்."

"இருந்துச்சு. அதுவும் தமிழ்ல. எனக்கு எழுத்துக் கூட்டித்தானண்ணா படிக்க வரும், விட்டுட்டேன். முன்னுரையில அந்த சாருக்கு நன்றி இருந்துச்சுல்ல, அத வச்சுத்தான் கடைசிக் கண்டுபிடிப்புன்னு போட்டேன்."

ஆக மேடம் பாத்துப் பாத்து வச்ச 'பாத்தேன்' எல்லாம் போச்சு. என் பொய் மட்டும் பளிச்சுன்னு வயலட் கலர்ல நிக்குது, சேஷன் சாரு பேரோட. அடுத்த வாரம் எவனாவது ஒரு வாத்தியாரு அத நோண்டுவான். புஸ்தகம் இல்லம்பான். கெழவருக்குப் புத்தி தடுமாறியிருக்கும்பான். மாமி இன்னும் செம்பூர்லதான் இருக்காங்க. பேரன் போன்ல எடுத்துக் காட்டாமலா இருப்பான்.

மறுநாள் காலையில பார்சல் வேலைய விட்டுட்டு உல்லாஸ்நகருக்கு வண்டிய விட்டேன். கோடவுன்ல நாலு ஆளுக டப்பாவ அடுக்கிக்கிட்டு இருந்தானுங்க. 'மூக்கு லீவு' கீழ வரிசையில கெடந்துச்சு. மூடியத் திறக்கதுக்கு முன்னாடி ஒரு டீ குடிச்சேன். அப்புறம் இன்னொரு டீ. 

சீட்டு மொதல்லயே இருந்துச்சு. திருப்புனேன். என் கோழிக் கிறுக்கல். போட்டோ எடுத்து பிரியாவுக்கு அனுப்பிட்டுக் கூப்பிட்டேன்.

"அண்ணா, இவ்வளவு பொடியா இருக்கு. நீங்களே படிச்சுச் சொல்லுங்க, டைப் பண்ணிக்கிறேன்."

"நானா?"

"நீங்கதான எழுதுனீங்க?"

நாலு ஆளும் வேலைய நிறுத்திட்டு என்னையப் பாக்கானுங்க. நான் படிச்சேன். இந்தச் சீட்டு பொய். இத எழுதுனது சேஷன் சார் இல்ல. எழுதுனது சுடலைமுத்து, ஆபீஸ் ஆளு. வெளையாட்டுக்குப் பண்ணுனேன். அவரு பேர நான் திருடிட்டேன். அவரு சீட்டு எதுலயும் பொய் கெடையாது. அந்தப் பக்கம் பிரியா டைப் பண்ணி முடிச்சுது.

"அண்ணா, மொதப் பக்கத்துல இருந்து எடுத்துடவா?"

"எடுத்துடும்மா. இந்த ரெண்டு பக்கத்தையும் சேத்து உள்ள எங்கயாவது போடு. அப்புறம் எல்லா டப்பாவுக்கும் பின்பக்கமும் ஸ்கேன் பண்ணணும்."

"எல்லாத்துக்குமா? அண்ணா, ரெண்டு மாசம் ஆகும்."

"எனக்கு எட்டு மாசம் ஆச்சு."

"சரி. அடியில இன்னும் ஒரு வார்த்த இருக்கே. பென்சில்ல. வேற கையெழுத்து."

நான் சீட்டை வெளிச்சத்துல பிடிச்சேன். இத்தன வருசத்துல அத நான் பாத்ததில்ல. என் கையெழுத்துக்குக் கீழ, சின்னதா, நேரா, பக்கத்துல ஒரு 'வை'.

"அது மேடம்."

"என்ன போட்டிருக்காங்க?"

"பாத்தேன்னு."